ரெண்டு பேருக்கும் ஒரு லென்ஸ்

இன்னும் ஐந்தே நிமிடம் என்று மேக்கப்காரப் பெண் கதவை ஒரு சாண் திறந்து சொல்லிவிட்டு மூடிக்கொண்டாள். மணப்பெண் அறையின் ஐந்து நிமிடம் எவ்வளவு நீளும் என்று வாசுகிக்குத் தெரியாதா, பன்னிரண்டு வருடமாகக் கல்யாணம் கல்யாணமாகப் படமெடுத்து அலைகிறவளுக்கு, அதனால் மாடி வராந்தாவில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை ஜன்னலோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், இரண்டு கேமராவையும் மடியில் கிடத்தினாள், போனை எடுத்தாள். போனுக்குள் ஜப்பான். கோட்டு போட்ட ஒரு பெரியவர் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார், சத்தத்தை வைத்தாலும் கேட்காது, கீழே சாத்தூர் நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதி ஊதிச் சோதித்துக்கொண்டிருந்தார். பெரியவருக்குப் பின்னால் இருந்த திரையில் இன்னும் ஒன்றும் வரவில்லை. இன்றைக்கு அந்தப் புது லென்ஸ் வந்துவிடும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஊர் ஊராக எத்தனை போட்டோகிராபர்கள் இந்நேரம் வேலையைப் போட்டுவிட்டுப் பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருப்பார்களோ. ஒன்று புள்ளி இரண்டு. லென்ஸில் இந்த எண் குறையக் குறைய அதன் வாய் அகலமாகும், வாய் அகலமானால் வெளிச்சம் கூடுதலாக உள்ளே விழும், எப்பேர்ப்பட்ட இருட்டு மண்டபத்திலும் குத்துவிளக்குத் திரி நாலு எரிந்தால் போதும், ஃப்ளாஷ் அடித்துப் பெண்ணின் நெற்றியை எண்ணெய்ச் சட்டியாக்க வேண்டாம். வாசுகியிடம் இருப்பது ஒன்று புள்ளி எட்டு. எட்டுக்கும் ரெண்டுக்கும் என்னடி பெரிய வித்தியாசம் என்று அண்ணன் ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டான், அவனுக்கு எப்படிச் சொல்வது, அந்த லென்ஸில் ஒரு முகத்தைப் பிடித்தால் அந்த முகம் மட்டும் நிற்கும், கண்ணிமை தெளிந்திருக்கும், காது கரையத் தொடங்கியிருக்கும், பின்னால் இருக்கிற எண்ணூறு பேரும் வாழை மரமும் சீரியல் பல்பும் உருகி வெறும் வெளிச்சமாகிவிடும். எண்ணூறு பேர் நடுவில் ஒருத்தரை மட்டும் பார்க்கலாம். அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. யாரை என்று அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டால் என்ன செய்வது, அதனால் ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

யாரை என்றால் பெனடிக்டை. பெனடிக்ட் கோவில்பட்டிக்காரர், அவரும் போட்டோகிராபர். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் பெண் வீட்டுக்கு ஒரு போட்டோகிராபர், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு போட்டோகிராபர், மேடையில் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொள்வார்கள், தாலி கட்டுகிற நேரத்தில் முட்டி மோதிக்கொள்வார்கள், சில பேர் கெட்ட வார்த்தைகூடப் பேசுவார்கள். பெனடிக்ட் பேசினதில்லை. நீங்க எடுங்க மேடம் என்று அரை அடி ஒதுங்குவார், அந்த அரை அடியில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை, ஆரம்பித்தது அருப்புக்கோட்டையில், கரண்ட் போன கல்யாணத்தில். தாலியைக் கையில் எடுத்தாயிற்று, மண்டபம் மொத்தமும் இருண்டுவிட்டது, ஜெனரேட்டர்க்காரர் டீ குடிக்கப் போயிருந்தார், நல்ல நேரம் முடியப்போகிறது கட்டுங்கோ என்று ஐயர் சொல்லிவிட்டார். குத்துவிளக்கு வெளிச்சத்தில் அந்தப் பெண் தலையைக் குனிந்ததும் மாப்பிள்ளை முடிச்சைத் தடவித் தேடியதும் வாசுகிக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது, ஆனால் படத்தில் நிற்கவில்லை, ஃப்ளாஷ் போட்டு எடுத்ததில் முகமெல்லாம் சுண்ணாம்பு, ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்ததில் மணல் தூவின மாதிரி ஒரே புள்ளியும் ஆட்டமும். கடைசிப் பந்தியில்தான் போட்டோகிராபர்களுக்கு இலை விழும். பக்கத்து இலையில் பெனடிக்ட். இரண்டு பேரும் கேமராவின் முதுகுத் திரையைப் பார்த்தபடி அப்பளத்தைக் கூடத் தொடவில்லை. “ஒண்ணு புள்ளி ரெண்டு இருந்திருந்தா கிடைச்சிருக்கும் மேடம்,” என்றார். “மேடை மொத்தமும் அடங்குற மாதிரி அது இன்னும் யாரும் போடலையே சார்,” என்றாள். “போடுவான். வெலைதான் ஒரு ஆளு தாங்குற மாதிரி இருக்காது. ஒண்ணு செய்வோமா, வரும்போது ரெண்டு பேரும் சேந்து ஒண்ணு வாங்கிக்கிருவோம். உங்களுக்கு முகூர்த்தம் இருக்கிற அன்னைக்கு நீங்க வச்சிக்கோங்க, எனக்கு இருக்கிற அன்னைக்கு நான்.” வாசுகி சரி என்றாள். எவ்வளவு சுலபமாகச் சரி என்றாள், மோரைக் குடித்துக்கொண்டே. சாத்தூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது, அவர் கேமரா வேறு கம்பெனி, இவள் கேமரா வேறு கம்பெனி, அவர் லென்ஸ் இவள் கேமராவில் மாட்டாது, இவள் லென்ஸ் அவர் கேமராவில் மாட்டாது. ரெண்டு பேருக்கும் ஒரு லென்ஸ் என்பது உலகத்தில் கிடையாது. போட்டோ பிடிக்கப் பழகுகிற முதல் வாரத்தில் தெரிந்துகொள்கிற விஷயம், பழந்தின்று கொட்டை போட்ட இரண்டு பேருக்கு மறந்துவிட்டது. போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று எடுத்தாள். சொல்லவில்லை.

ஆறு வருடமாகச் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. அதுதான் அவளைப் போட்டுப் படுத்துகிறது, அவருக்கு ஒருவேளை இன்னும் உறைக்கவே இல்லையோ, அதெப்படி உறைக்காமல் இருக்கும், கழுத்தில் அவர் போட்டிருப்பது அவர் கம்பெனியின் சிவப்பு வார், இவள் போட்டிருப்பது இவள் கம்பெனியின் மஞ்சள் வார், தொழிலில் இருக்கிறவர்கள் கட்சி மாதிரிதான் பேசுவார்கள், நீ செவப்பா மஞ்சளா என்று கேட்டுவிட்டுத்தான் பெயரே கேட்பார்கள். கட்சிக்காரர்களாவது காலையில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பி வந்துவிடலாம், கேமராவில் கட்சி மாறுவது என்றால் இருக்கிற லென்ஸ் அத்தனையும் போக வேண்டும், யாரும் மாறமாட்டார்கள். அப்படியிருக்க ஒவ்வொரு முகூர்த்தத்திலும் அவர் வருவார், பையை இறக்கி வைத்ததும் முதல் பேச்சு, நம்ம லென்சு பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதா மேடம். இவளும் ராத்திரி தேடிப் படித்ததையெல்லாம் ஒப்பிப்பாள், கண்ணாடி பதினாலு துண்டாம் சார், கனம் ரொம்பவாம் சார், அடுத்த பங்குனிக்கு வந்துருமாம். அவர் தலையாட்டிக் கேட்பார். பங்குனி போகும், சித்திரை போகும், லென்ஸ் வராது, வராததில் வாசுகிக்கு ஒரு நிம்மதி. வந்துவிட்டால் அப்புறம் எதைப் பற்றிப் பேசுவது. இதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது, முப்பத்தாறு வயதில் ஒரு பொருள் வேண்டும் வேண்டும் என்று ஏங்கிக்கொண்டு அதே பொருள் வரக்கூடாது என்று சாமி கும்பிடுகிறவள் எங்கேயாவது உண்டா. அவளிடம் அவர் படம் நிறைய இருக்கிறது. ஒன்றுகூட அவரை எடுத்த படம் இல்லை, மாலை மாற்றும் படத்தில் மாப்பிள்ளை தோளுக்குப் பின்னால், அட்சதை படத்தில் அத்தைக்காரியின் கொண்டைக்குப் பக்கத்தில், பாதி முகமாக, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு கறுப்புச் சட்டை. ஆல்பம் பார்க்கிற வீட்டுக்காரர்கள் தவறாமல் சொல்வார்கள், அந்தக் கறுப்புச் சட்டைக்காரரைத் தூக்கிருங்கம்மா என்று. தூக்கிவிடுவாள். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவர் இருந்த இடத்தில் பூ அலங்காரத்தை இழுத்து ஒட்டுவாள், சட்டையில் தொடங்கி முகத்தைக் கடைசியாக அழிப்பாள். அழிக்காத படங்களைத் தனியாக வைத்திருக்கிறாள், அது அவள் பாடு.

“ஏம்மா, தூங்குறியா?” என்றார் வேலுச்சாமி. வேலுச்சாமி வீடியோக்காரர், அவளுக்கு அண்ணன் மாதிரி, பத்து வருடமாகச் சேர்ந்து வருகிறவர், படிக்கட்டில் உட்கார்ந்து இட்லி தின்றுவிட்டுக் கையைக் கர்ச்சீப்பில் துடைத்தபடி மேலே வந்திருந்தார். “மாப்பிள்ளை பஸ்ஸு நல்லிகிட்ட வந்துருச்சாம். அந்தப் பக்கத்துக்கு இன்னைக்குப் புது ஆளாத்தான் இருக்கும்னு சமையக்காரங்க பேசிக்கிட்டாங்க.” “புது ஆளா, யாரு?” “யாரு கண்டா. பெனடிக்ட் இல்லைன்னா நமக்குத்தான் கஷ்டம், புதுப் பயலுக குறுக்க குறுக்க விழுவாங்க.” சொல்லிவிட்டு அவர் பேட்டரி மாற்றப் போய்விட்டார். புது ஆள். வாசுகி போனைப் பார்த்தாள், ஜப்பான்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

ஆனி மாதக் கடைசியில் அவர்தான் சொன்னார், ஆவணி முதல் முகூர்த்தம் சாத்தூர்ல நம்ம ரெண்டு பேருதான் மேடம் என்று. அப்புறம் ஆடி வந்துவிட்டது. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, போட்டோகிராபர்களுக்கு அது நாக்கு வறண்ட மாதம், கேமராவைத் துடைத்து வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து ஆல்ப வேலை பார்ப்பார்கள். போன ஆடிகளிலெல்லாம் அவரிடமிருந்து தினமும் ஏதாவது வரும், லென்ஸ் பற்றி ஒரு வதந்தி, ஒரு படம், ஒரு சிரிப்புப் பொம்மை. இந்த ஆடியில் ஒன்றும் வரவில்லை. முதல் வாரம் வாசுகி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இரண்டாவது வாரம் அவளே ஒரு செய்தி அனுப்பினாள், நம்ம லென்ஸ் ஆவணியில் வருதாம் என்று, இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் விழவில்லை. பதில் போடாத ஆள் இல்லை அவர். உடம்புக்கு ஏதாவதோ, அம்மாவுக்கு ஏதாவதோ, நாம்தான் நம்ம நம்ம என்று அதிகப்படியாக எழுதிவிட்டோமோ, அந்த வார்த்தையை முதலில் ஆரம்பித்தது அவர்தானே. ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் மதுரையில் காதர் பாய் கடைக்கு லென்ஸ் துடைக்கக் கொண்டுபோனாள், பாய் கண்ணாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபடி ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார், “உங்க பெனடிக்ட் சார் வந்திருந்தாரும்மா. எல்லாத்தையும் குடுத்துட்டுப் போயிட்டாரு. ரெண்டு கேமரா பாடி, லென்சு அஞ்சு, பை கூட.” “எதுக்குன்னு கேக்கலையா பாய்?” “கேட்டேன். இத்தனை நாளு போதும் பாய்னாரு.” போதும். அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு அவள் மாட்டுத்தாவணி வந்ததும் பஸ் ஏறியதும் எதுவும் நினைவில் இல்லை. அவர் அக்கா கனடாவில் இருக்கிறாள், வேலுச்சாமியண்ணன் சொல்லித் தெரியும், வாடா வாடா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், கூப்பிட்டால் போகவேண்டியதுதானே, இங்கே யார் கையைப் பிடித்தது. நாற்பது வயதில் போதும் என்று தோன்றினால் தப்பா. சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எதைச் சொல்லிவிட்டு, என்னவென்று சொல்லிவிட்டு, அவளும் அவரும் ஆறு வருடத்தில் லென்ஸைத் தவிர வேறு என்ன பேசியிருக்கிறார்கள், ஒரு தடவை, ஒரே தடவை, சிவகாசியில் மழைக்கு மண்டப வாசலில் நின்றபோது, உங்க வீட்ல பாக்கலையா மேடம் என்று கேட்டார், பாத்துக்கிட்டேதான் இருக்காங்க என்றாள், எங்க வீட்லயும்தான் என்றார், அப்புறம் மழை விட்டுவிட்டது. ஒரு அரை மணி நேரம் கூடுதலாகப் பெய்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்.

“உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சாம்மா?” பெண்ணின் சித்தி. காபித் தம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டாள், எல்லா மண்டபத்திலும் ஒரு சித்தி இருப்பாள், எல்லாச் சித்தியும் காபியோடு இதையும் கொண்டுவருவாள். இல்லைங்கக்கா என்று தம்ளரை வாங்கிக்கொண்டாள் வாசுகி. சித்தி ஐயோ பாவம் என்ற பார்வையை ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டு நகர்ந்தாள். அப்போதுதான் போனில் திரை மாறியது. குனிந்து பார்த்தாள். கறுப்புப் பின்னணியில் அந்த லென்ஸ், கழுத்தில் சிவப்பு வளையம், பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒன்று புள்ளி இரண்டு, மேடை மொத்தமும் அடங்குகிற அதே லென்ஸ். முன் கண்ணாடி குளம் மாதிரி இருந்தது. வந்தேவிட்டது. சிவப்புக் கம்பெனிக்கு மட்டும், மஞ்சளுக்கு இல்லை, எப்போது வரும் என்று ஒரு பேச்சும் இல்லை. காபி கையில் ஆறிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தனக்கு வராதது பற்றி வருத்தமே வரவில்லை, அவருக்காகத்தான் வந்தது, ஆறு வருடம் காத்திருந்த மனுஷன் அது வருவதற்கு ஒரு மாதம் முன்னால் எல்லாவற்றையும் விற்றுத் தலை முழுகிவிட்டாரே, யாராவது கையைப் பிடித்து நிறுத்தியிருக்கக்கூடாதா, நான் நிறுத்தியிருக்கக்கூடாதா. எங்கே உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்துக்கொண்டுதான் இருப்பாரா. இனி பேசுவதற்கு லென்ஸும் இல்லை, பேசுகிற ஆளும் இல்லை, இந்த ஆவணி, புரட்டாசி விட்டு ஐப்பசி, கார்த்திகை, எத்தனை முகூர்த்தம், எத்தனை மேடை, அத்தனையிலும் எதிர்ப்பக்கம் யாரோ நிற்பார்கள், அவள் யாரையும் அழிக்கத் தயங்கவேண்டியதில்லை. அழுகை வந்தது. வேலை நேரத்தில் அழுதால் கேமராக் கண்ணாடியில் ஆவி படியும், துடைத்துக்கொண்டாள்.

கீழே வேட்டுச் சத்தம், நாதஸ்வரம் எடுத்துவிட்டார்கள், மாப்பிள்ளை பஸ் வந்துவிட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஆரத்தித் தட்டோடு நாலு பெண்கள், மாலையோடு மாப்பிள்ளை, அவனுக்கு முன்னால் போட்டோகிராபர் பின்பக்கமாகவே நடந்து வந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை முகத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் அப்படித்தான் நடக்க வேண்டும், கால் பழகியிருக்கும். மேலேயிருந்து அவளுக்கு முதுகுதான் தெரிந்தது. தோளில் மஞ்சள் வார். மஞ்சள்காரன் யாரோ, வேலுச்சாமியண்ணன் சொன்ன புது ஆள், சரி. பார்வையை எடுத்துக்கொள்ளப் போனாள். அந்த முதுகு வாசற்படி வந்ததும் திரும்பிப் பார்க்காமலே சரியாக ஒரு எட்டு மேலே தூக்கி வைத்தது, அப்புறம் ஆரத்திக்கு இடம் விட்டு அரை அடி ஒதுங்கியது. அந்த அரை அடி. வாசுகி காபித் தம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தாள், அதற்குள் மேக்கப்காரப் பெண் கதவைத் திறந்து ரெடி மேடம் என்றாள், ரெடியாமே, இத்தனை நேரம் இல்லாத ரெடி, உள்ளே போய்ப் பெண்ணைக் கண்ணாடி முன்னால், ஜன்னலோரம், தோழிகளோடு என்று எடுத்துத் தள்ளினாள், என்ன எடுத்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மேடைக்கு வந்தபோது அவர் அங்கே இருந்தார். கறுப்புச் சட்டை, கொஞ்சம் இளைத்திருந்தார், கழுத்தில் மஞ்சள் வார் புதிதாக இல்லை, யாரோ போட்டுப் பழசானது. ஐயர் மந்திரத்தை ஆரம்பித்திருந்தார். இரண்டு பேரும் மாப்பிள்ளை பின்னால் ஒரே மூலையில் மாட்டிக்கொண்டார்கள்.

“லென்சு வந்துருச்சு சார்,” என்றாள் வாசுகி. வேறு எதைக் கேட்க நினைத்தாலும் வாயில் அதுதான் வந்தது.

“பாத்தேன் மேடம். பஸ்ஸுல வரும்போது.”

“செவப்புக்கு மட்டும்தான்.”

“ஆமா.”

“ஒரு மாசம் பொறுத்திருந்தா உங்க கைக்கு வந்திருக்கும். காதர் பாய் சொன்னாரு, எல்லாத்தையும் குடுத்துட்டீங்கன்னு. கனடா போறீங்கன்னு நெனச்சேன்.”

“கனடாவா? அங்க போயி நான் யாருக்குக் கல்யாணம் எடுக்க.” அவர் கேமராவில் எதையோ தேடினார், பொத்தான் கிடைக்கவில்லை. “திருநெல்வேலில ஒருத்தர் இதை வித்தாரு. ஆடி பூரா இதோட மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடந்தேன். உங்ககிட்ட பேசினா ஒளறிருவேன்னுதான் பேசலை.”

“ஒரு லென்சு ரெண்டு பேருக்கும் சேராதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“அன்னைக்கு இலையில உக்காந்து சொல்லும்போதே தெரியும்.”

வாசுகி அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றதில் கன்னிகாதானப் படம் ஒன்று போயே போய்விட்டது, வேலுச்சாமி எதிரிலிருந்து தலையிலடித்துக்கொண்டார்.

“தெரிஞ்சேதான் சொன்னீங்களா?”

“வேற என்னத்தைச் சொல்றதுன்னு தெரியலை. பொறவு நீங்களும் ஒண்ணும் கேக்கலையா, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். இந்த வருஷம்தான் தோணுச்சு, லென்சு வந்தா வரட்டும், வராட்டாப் போகுது, நானே உங்க பக்கம் வந்துரலாம்னு.”

வாசுகி குனிந்தாள். அவர் கேமராவில் மாட்டியிருப்பதைப் பார்த்தாள், திருநெல்வேலிக்காரர் சேர்த்துக் கொடுத்த சாதாரண லென்ஸ், இந்த மண்டப வெளிச்சத்துக்கு அது ஒன்றுக்கும் உதவாது. தன் கேமராவிலிருந்து ஒன்று புள்ளி எட்டைக் கழற்றி நீட்டினாள். பெண் வீட்டுக்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு கணம் ஓடியது, ஓடிவிட்டுப் போனது. அவர் வாங்கி வைத்துத் திருகினார். மாட்டவில்லை. மறுபடி திருகினார், நெற்றி வியர்த்துவிட்டது, இருபது வருடம் சிவப்பில் பழகிய கை வலது பக்கமாகவே திருகியது, மஞ்சளில் லென்ஸ் இடது பக்கம் திரும்பினால்தான் விழும்.

“இந்தப் பக்கம் சார்,” என்று வாசுகி அவர் விரல் மேலேயே தன் விரலை வைத்து இடது பக்கம் திருப்பினாள். டக்கென்று விழுந்தது. விழுந்த பிறகும் இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை, ஐயர் கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று விரலை ஆட்டுகிறவரை.